புத்தகத்தில் இல்லாத வரி

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே உன் உடம்பும், முக்கியமாக உன் கண்ணும், சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். எட்டு மாதமாக அம்மாவின் கடிதங்களில் ஒரு கையெழுத்துகூடப் போடாதவன் இன்று முழுக் கடிதமே எழுதுகிறானே என்று மயங்கி விழுந்துவிடாதே, உட்கார்ந்து படி.

அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனாலும் தையல் மெஷினை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, இனியாவது ஏழு மணிக்கு முன்னால் எழுந்திருப்பான் என்று பார்த்தேன், நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. இருக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்றால் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று நீ அம்மாவுக்கு எழுதியிருந்ததைப் படித்தேன். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பழைய வேதப் பிரதிகளை அருகருகே வைத்து ஒப்பிடுகிற படிப்பு என்றும், அவற்றைக் கையால் எழுதினவர்கள் சில வரிகளை விட்டிருக்கிறார்கள், சிலவற்றைச் சேர்த்தும் இருக்கிறார்கள் என்றும் கிளம்பும்போது சொன்னாய். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் பத்திரங்களுக்கு நகல் எழுதியவன் நான், ஒரு எழுத்து பிசகினது கிடையாது, வேதத்தை எழுதினவன் மட்டும் தூங்கிக்கொண்டா எழுதினான் என்று கத்தினேன். போனால் போ, இனி என்னோடு பேசாதே என்றும் சொல்லிவிட்டேன்.

நீ சொன்னது தப்பு என்று காட்டத்தான் போன வாரம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சுவிசேஷத்தில் ஒரு அதிகாரத்தைப் பார்த்து எழுதினேன். அம்மா தன் தையல் ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்துச் சரிபார்த்தாள், அந்தக் கறாருக்கு முன்னால் கணக்கு வாத்தியாரே தோற்றுப்போவார். என்னங்க, இங்க ஒரு வரியையே காணோமே என்றாள். அடுத்தடுத்த இரண்டு வரிகள் ஒரே வார்த்தையில் முடிந்திருந்தன, என் கண் ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவிவிட்டது. வயசாச்சு என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அதே அதிகாரத்தில் பரமண்டல ஜெபமும் வருகிறது. அது இரண்டு சுவிசேஷங்களில் இருக்கிறதல்லவா, ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் உம்முடையவைகளே என்று நாம் சேர்ந்து சொல்லும் அந்தக் கடைசி வரி ஒரு சுவிசேஷத்தில்தான் உண்டு, நான் பார்த்து எழுதிய மற்றதில் கிடையாது. என் தாளிலோ அது அழகாக உட்கார்ந்திருக்கிறது. நீங்களாவே சேர்த்தீங்களா என்று அம்மா கேட்டாள். எனக்கு எழுதின ஞாபகமே இல்லை பாப்பா. தினமும் சொல்லிப் பழகின பழக்கத்தில் கை தானாக எழுதியிருக்கிறது. அந்த மனுஷர்களும் கெடுக்க நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள், என்னைப் போல ஆசையாகத்தான் எழுதியிருப்பார்கள். எது புத்தகம், எது அவர்கள் ஆசை என்று பொறுமையாகப் பார்க்க ஒரு ஆள் வேண்டாமா. அந்த ஆள் என் பெண் என்பதில் எனக்குப் பெருமைதான், சொல்லத்தான் இத்தனை நாளாயிற்று.

அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். திருத்தி அனுப்புங்க, மானம் போகுது என்றாள் அம்மா, வேண்டாம் என்றுவிட்டேன். உன் வாத்தியாரிடம் காட்டு, எழுதினது யார் என்று கேட்டால் மழுப்பாதே.

நேரத்துக்குச் சாப்பிடு. மணிக்கு ஒருதரம் தலையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே பார். படிப்பைப் பாதியில் விடாதே, கர்த்தர் உன் கண்ணுக்கும் கைக்கும் துணையாக இருப்பார். அன்று நான் பேசியது தப்பு, அப்பாவை மன்னித்துவிடு. இந்தக் கடிதத்தை நான் எதையும் பார்த்து எழுதவில்லை.

உன் அப்பா