வெயிலில் வைத்த கட்டை

அத்தா,

இன்று காலை ஒருவர் லேப்டாப் பேட்டரி ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்தார். ஒரு மூலை உருகியிருந்தது. உறையைப் பிரித்ததும் குப்பென்று அந்த வாடை. பெயின்ட்டில் அழுகிய பழத்தைப் பிசைந்த மாதிரி ஒரு தித்திப்பு. எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. வந்தவர் மேல் இல்லை, உங்கள் மேல். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. உங்களோடு போட்ட சண்டை மட்டும் எனக்கு இன்னும் முடியவில்லை.

பெரிய புயல் அடித்ததற்கு மறு ஆண்டு கோடை அது. டாக்டர் உங்கள் நெஞ்சுப் படத்தை விளக்குக்கு நேரே பிடித்து, சுருட்டை விடாவிட்டால் மூச்சு விடுவதே பாடாகிவிடும் என்றார். போட்டாதாங் கப்பல் துறையில் முப்பது வருடம் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிய மனிதர் நீங்கள், அன்று நம் வீட்டு மாடிப்படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஏறினீர்கள். அதைக் கேள்விப்பட்டு உங்கள் சிநேகிதர், கப்பல் சமையற்காரர், எங்கோ துறைமுகத்தில் வாங்கிய மின்சார சிகரெட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பத்தே நாளில் அதன் பேட்டரி செத்துப்போனது. ஆனால் அந்தப் பத்து நாளும் நீங்கள் சுருட்டைத் தொடவில்லை. என் கண்ணாலேயே பார்த்தேன்.

அதோடு விட்டீர்களா? நீங்களே ஒன்று செய்யக் கிளம்பிவிட்டீர்கள். பழைய பித்தளை டார்ச்சின் குழாய், செத்த சிகரெட்டின் ஊதுமுனை, நடைபாதையில் வாங்கிய ஒரு லேப்டாப் செல். லான்மடாத் தெருவில் கடை வைத்து டார்ச்சும் எமர்ஜென்சி விளக்கும் ரிப்பேர் செய்கிறவள் உங்கள் மகள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டால் கௌரவம் குறைந்துவிடும், இல்லையா?

நான் பார்த்தபோது எல்லாம் முடிந்து, பெருமையாக இழுத்துக்கொண்டிருந்தீர்கள். வாங்கிக் கழற்றினேன். செல்லை வெளியே எடுத்தேன்.

"அத்தா, இதோட தோலு கிழிஞ்சிருக்கு. பித்தளையில பட்டா ஷார்ட்டாகிப் போயிரும்."

"யபாடே, புள்ளே."

"மேல எழுதியிருக்கிற நம்பரு பொய்யி. இந்த சைஸுல அவ்வளவு கரண்டு எந்தச் செல்லுலயும் நிக்காது. காத்து போக ஒரு ஓட்டையாச்சும் போட்டீங்களா? வெடிச்சா எங்க போகும்? வாய்க்குள்ள வச்சு இழுக்கிற சாமான் இது!"

"யபாடேங்கிறேன்ல."

பரவாயில்லை, ஆகிவிடும் என்று இந்த ஊரே சொல்கிற பர்மிய வார்த்தை. நீங்கள் அதைச் சொன்னால் மட்டும் எனக்கு உச்சந்தலை வரை ஏறும். அன்று தொண்டை வறளச் சொன்னேன். பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள செல் வேண்டும், ஊதுமுனையின் கம்பி இழுக்கும் கரண்டைத் தாங்குகிற செல் வேண்டும், அதற்கென்று உள்ள சார்ஜரில்தான் போட வேண்டும், கைலி மடிப்பில் சாவியோடு சேர்த்துச் சொருகக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினீர்கள். நானும் நம்பிவிட்டுக் கடைக்குப் போனேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட வந்தவள் கைகூடக் கழுவவில்லை, பால்கனியில் படாரென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் தகரத் தட்டில் டார்ச் பேட்டரிக் கட்டைகள் வரிசையாக வெயில் காய்கின்றன. நடுவில் இருந்த உங்கள் செல் சீறிக்கொண்டு எரிகிறது. கொடியில் கிடந்த கைலியில் தீ. கீழ்வீட்டுப் பர்மிய அம்மாள் டோ ஏ தெருவில் நின்று பர்மிய மொழியில் அலறுகிறார். மூலையில் இருந்த மணல் வாளியைக் கவிழ்த்து அணைத்தேன். நீங்கள் கதவோரம் நின்றீர்கள்.

"டார்ச் கட்டைய வெயில்ல வச்சா உசுரு வரும்ல? சார்ஜு இறங்கிருச்சேன்னு..."

"அது கட்டை இல்ல அத்தா! லித்தியம்! நேத்து வாயில வச்சிருந்தீங்களே, அப்ப வெடிச்சிருந்தா? யா அல்லாஹ், என்ன மனுசர் நீங்க!"

கரண்ட் போய்ப் போய் வருகிற இந்த ஊரில், தீர்ந்த கட்டையை வெயிலில் வைத்து இன்னும் ஒரு ராத்திரிக்கு ஓட்டாத வீடு ஏது? எனக்கும் அது தெரியும். என் கடையிலேயே எந்த பேட்டரியைப் பார்த்தாலும் கட்டை என்றுதான் சொல்வோம். ஆனால் அன்று அந்த ஒரு வார்த்தை என்னை அப்படி எரித்தது. டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டேன். நல்ல செல் வந்தால் நானே செய்து தருகிறேன், அதுவரை கையை வைக்காதீர்கள் என்றேன்.

இனி எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நல்ல செல் இரண்டே வாரத்தில் வந்துவிட்டது, அத்தா. போர்டு போன, அதிகம் புழங்காத லேப்டாப் பேட்டரியிலிருந்து எடுத்தது. மூன்று நாள் சார்ஜ் ஏற்றி இறக்கிப் பார்த்தேன். சூடாகவில்லை, வோல்ட் இறங்கவில்லை. பாதுகாப்புச் சர்க்யூட் வைத்து, புது உறை போட்டு, ஒரு துண்டு டேப்பில் 'அத்தா' என்று எழுதி ஒட்டினேன். டார்ச்சிலும் காற்றுக்கு ஓட்டை போட்டு, செல் பித்தளையில் படாமல் இருக்க உள்ளே காகிதக் குழல் செருகினேன். எல்லாவற்றையும் டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

கொடுக்கவில்லை. 'என் தப்புதான் புள்ளே' என்று நீங்கள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும் என்றிருந்தது எனக்கு.

நீங்கள் கேட்கத்தான் செய்தீர்கள். சோற்றைப் பிசைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

"நல்ல கட்டை ஏதும் வந்துச்சா புள்ளே?"

கட்டை! அவ்வளவு நடந்த பிறகும் கட்டை!

"இன்னும் வரல" என்றேன்.

"யபாடே" என்று எழுந்து கை கழுவப் போனீர்கள். அதற்கப்புறம் கேட்கவே இல்லை. ஒரு வாரம் கழித்து மாடிப்படியில் சுருட்டு நாற்றம் அடித்தது. அதற்கும் நான்தான் கத்தினேன், வெட்கமில்லாமல்.

மழை பிடித்ததும் ஆஸ்பத்திரி. ஒரு நாள் அந்த டார்ச்சைப் பையில் போட்டு எடுத்துவந்தேன். உங்கள் மூக்கில் ஆக்சிஜன் குழாய். ஒரு பொறி பட்டால் போதும், அந்த அறையில் அதை வெளியே எடுக்கக்கூட முடியாது. மடியில் பையை வைத்துக்கொண்டு, டோ ஏ வீட்டுப் பூனை குட்டி போட்ட கதையைச் சொல்லிவிட்டுத் திரும்பிவந்தேன்.

அந்தச் சாமான் உங்களைக் காப்பாற்றியிருக்குமா, எனக்குத் தெரியாது. டாக்டரும் அதை நல்லது என்று சொன்னதில்லை. ஆனால் அந்தப் பத்து நாள் நீங்கள் சுருட்டைத் தொடவில்லை. அதை எப்படி மறப்பேன்?

இன்று வந்தவரையும் வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஏசிக்கொண்டே நல்ல செல்லாகப் பார்த்துச் சோதித்து, அவர் படியிறங்குமுன் கையில் கொடுத்துவிட்டேன். நாளைக்கு வாருங்கள் என்று இப்போதெல்லாம் யாரிடமும் சொல்வதில்லை.

உங்களுடையது மட்டும் டிராயரில் கிடக்கிறது. மாதம் ஒரு முறை மீட்டர் வைத்துப் பார்க்கிறேன். இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, அத்தா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.