தளர்த்திவிட்ட முன் பிரேக்

ஐப்பசி, புதன் இரவு.

எங்கள் தோட்டத்தில் தண்ணீருக்கு முதல் போர்வெல் போட்ட வருஷம்தான் எங்கள் மாப்பிள்ளை, தங்கை வீட்டுக்காரர், மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதே மழைக்காலத்தில் லாரியின் பின்னால் மோதிச் செத்தார்.

இன்று கிணத்துக்கடவு மெக்கானிக் என் வண்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

“ஏனுங்க ஐயா, முன் பிரேக்கே புடிக்கலீங்களே?”

“நாந்தான் தளத்தி உட்டேன் கண்ணு. புடிச்சா குப்புறத் தள்ளிப்போடுமல்ல?”

“நல்லாச் சொன்னீங்க போங்க! வண்டிய நிறுத்தறதே அதுதானுங்க. பின்னால மட்டும் மிதிச்சா ஈரத்துல இழுத்துட்டுப் போயிருமுங்க. ரெண்டையும் சேத்துப் புடிக்கோணும்.”

சிரித்தான். அன்று மாப்பிள்ளை வண்டியிலும் அவருக்குத் தெரியாமல் நான்தான் முன் பிரேக்கைத் தளர்த்தினேன். நல்லதுக்கென்றுதான் செய்தேன். லாரிவரை சேற்றில் பின் சக்கரம் இழுத்த தடம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

“கண்ணுமண்ணு தெரியாம ஓட்டி என்னைய இப்படி உட்டுட்டுப் போயிட்டாரு” என்று தங்கை இன்றுவரை அவரைத்தான் திட்டுகிறாள். நானும் ஆமாம் போட்டிருக்கிறேன்.

படுத்தும் தூக்கம் வரவில்லை. எழுதத் தெரியாதவன் நான், இதையும் ஃபோனில் பேசித்தான் பதிந்து வைக்கிறேன். அப்பா இல்லை, அம்மா இல்லை, மாப்பிள்ளையின் அண்ணனும் போன மாசம் போய்விட்டார். இதைச் சொல்ல வேண்டியவர்களில் உயிரோடு இருப்பது தங்கை மரகதம் ஒருத்திதான்.