அடுப்படிச் சுவரில் உடைந்த பீங்கான்

என் அன்பின் சிவக்கொழுந்து,

உம்முடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஊர்வழக்கப்படி கல்வெட்டு என்கிற பாட்டுப் புத்தகம் அச்சடித்துக் கொடுத்தேன். பாட்டெழுதித் தந்தவர் உம்மை அருந்ததி என்றார், திருமகள் என்றார், குயில்மொழியாள் என்றார். உம்முடைய குரல் எனக்குத் தெரியாதா? நீர் கோழி கலைத்தால் ஒழுங்கை முடக்கு வரைக்கும் கேட்கும். அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் உம்மைக் காணவில்லை. ஆகவே வருசம் திரும்பி வருகிற ஆட்டைத்திவசத்துக்கு நானே எழுதுகிறேன். பாட்டு எனக்கு வராது, கடிதம் வரும். வந்தவர்கள் கையில் வாங்கி வாசித்தால் வாசிக்கட்டும். எங்கள் வீட்டுக் குசினிச் சுவரைப் பற்றி ஊருக்குத் தெரிந்தால் எனக்கென்ன குறை?

ஓம், எங்கள் அடுப்படிக் குசினிச் சுவரைப் பற்றித்தான்.

வீடு கட்டின காலத்தில் அடுப்புக்குப் பின்னால் சிவப்புச் சதுர ஓடு பதித்தோமே, நினைவிருக்கிறதா? குழம்பும் எண்ணெயும் தெறித்தால் துடைக்கச் சுகம் என்று நீர்தான் கேட்டுப் பதிப்பித்தீர். போன மாரியில் பின்சுவர் ஊறி, அந்த ஓடுகள் ஒவ்வொன்றாய்க் கழன்று விழுந்தன. ஓடு போன இடத்தில் காரை உதிரத் தொடங்கிற்று.

நீர் போனபிறகு உம்முடைய அக்காதான் வந்திருந்து வீட்டைப் பார்க்கிறா. கண்ணில் விழுந்த பூ இப்போது நன்றாய் முற்றிவிட்டது. வெளிச்சமும் நிழலும் தெரியும், முகம் தெரியாது. அப்படியிருந்தும் அந்த மனுசி சமைக்கிறதைப் பார்த்து நான் வியந்துபோய் நின்றிருக்கிறேன். உலை கொதிக்கிற சத்தத்தைக் கேட்டு அரிசி எந்தப் பதத்தில் நிற்கிறது என்று சொல்லுவா. அரிசியில் கிடக்கும் கல்லை விரல் நுனியால் கண்டுபிடித்து எடுத்தெறிவா. ஆனால் வெந்த சோற்றில் விழுகிற காரையை எந்த விரல் கண்டுபிடிக்கும்?

ஒருநாள் எங்கள் மகள் கமலம் சோற்றோடு காரைத் துண்டையும் கடித்து, கடைவாய்ப் பல் உடைந்து இரத்தம் கொட்டிற்று. பிள்ளை அழவில்லை, அழுதது அக்காதான்.

"நான் குருடி, தம்பி. தாயில்லாப் பிள்ளைக்குச் சோறெண்டு கல்லைத் தீத்துறன். இனி உந்தச் சுவரை நம்பி நான் சமைக்கமாட்டன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சாவகச்சேரிக்குப் போறன். அங்கை என்ரை கூடப்பிறந்த தம்பியவன் வீட்டிலை நல்ல குசினி இருக்கு."

நான் விடியப் போனால் பொழுதுபடத்தான் கடையிலிருந்து வருகிறவன். பெண்பிள்ளையைத் தனியே வீட்டில் விடவும் ஏலாது, அக்காவை மறிக்கவும் நியாயமில்லை. அவர்கள் போனால் இந்த வீட்டில் பூட்டும் நானும்தான் மிச்சம். "சுவரை நான் சரிக்கட்டித் தாறன் மச்சாள், அதுக்குப்பிறகு யோசியுங்கோ" என்றேன். வாயால் சொல்லிவிட்டேனே தவிர, எதைக்கொண்டு சரிக்கட்டுவது?

சீமையில் சண்டை தொடங்கியபிறகு கப்பல் ஒழுங்காய் வருவதில்லை. பளபளப்பான சுவர் ஓடு கேட்டால் கொழும்பிலேயே சிரிக்கிறார்கள். சீமெந்து கண்ணிலும் காணக் கிடையாது. எங்கள் பீங்கான் கடையில் அலுமாரித் தட்டுகள் வெறுமையாய்க் கிடக்கின்றன, கையிலும் பெரிதாய் ஒன்றுமில்லை. மேசனைப் பிடிக்கலாம் என்றால், அவனைக் குசினிக்குள் விட அக்கா சம்மதிக்கமாட்டா. ஏன் என்று உமக்கும் தெரியும், வாசிக்கிறவர்களுக்கும் தெரியும். எனக்கு அது பிடிக்காது. ஆனாலும் அடுக்களை அவவின் ஆட்சி. ஆகவே செய்கிறதென்றால் நானே செய்யவேண்டும்.

கடைப் பின்கட்டில் வைக்கோலுக்குள் உடைசல் கிடந்தது. பெட்டிக்குள் வரும்போதே உடைந்த கோப்பைகள், கீறல் விழுந்த சாசர்கள், மூடியில்லாத, தேத்தண்ணி ஊற்றுகிற போச்சிகள். வியாபாரிக்கு உடைந்த பீங்கான் என்றால் கண்ணில் பட்ட வேலி முள்ளு. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். அன்று முதன்முதலாய் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உடைந்தாலும் பளபளப்பு உடையவில்லை. எண்ணெய் ஒட்டாது, தண்ணீர் ஊறாது, துடைத்தால் போதும். இதைவிட நல்ல ஓடு எந்தக் கப்பலில் வரப்போகிறது? என்ன என்று அக்காவுக்குச் சொல்லாமல், சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அக்கா முற்றத்துக் கொட்டிலில் மூன்று கல்லு வைத்துச் சமைத்தா. நான் பழைய காரையை உளியால் கொத்தினேன். சூளைச் சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். சிவக்கொழுந்து, நீர் அதைப் பார்த்திருக்கிறீரா? குளிர்ந்த கல், குளிர்ந்த கிணற்றுத் தண்ணீர். இரண்டும் சேர்ந்த மாத்திரத்தில் கொதிக்கிறது! விறகில்லை, நெருப்பில்லை, தொட்டி முழுக்க உலை. நானும் கமலமும் ஆளையாள் பார்த்துக்கொண்டு நின்றோம். இத்தனை வயதுக்குச் சுண்ணாம்பை வெற்றிலையில் பூசினதைத் தவிர நான் அதைப்பற்றி என்ன அறிந்தேன்?

ஒரு பிழையும் விட்டேன், சொல்லிவிடுகிறேன். சாந்துக்குப் பனங்கட்டித் தண்ணீர் விட்டால் இறுகும் என்பது எல்லாரும் அறிந்தது. சீனிக்குத்தான் பஞ்சம், எங்கள் ஊரில் பனங்கட்டிக்குப் பஞ்சமா? கொஞ்சம் விட்டால் கொஞ்சம் இறுகும், கனக்க விட்டால் கல்லாகும் என்று கணக்குப் போட்டு, பாணிபோல் கரைத்து ஊற்றிவிட்டேன். விடிய எழும்பிப் போனால் சுவர் கறுத்துக் கிடக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தேன், சுவர் நகருகிறது! ஊரிலுள்ள எறும்பெல்லாம் வந்திருந்தது. கமலம் சத்தம்போட்டுச் சிரித்தாள். அக்கா கொட்டிலிலிருந்தே கேட்டா:

"என்னவாம் பிள்ளை?"

"சுவரை எறும்பு தின்னுது பெரியம்மா!"

"தின்னும்தானே. உன்ரை அப்பு சுவருக்கெல்லே பலகாரம் சுட்டு வைச்சிருக்கிறார். மிச்சம் மீதி இருந்தால் எங்களுக்கும் ரண்டு தரச்சொல்லு."

முழுக்க வழித்தெறிந்துவிட்டு, அளவாய்க் கலந்து மறுபடி பூசினேன். துண்டுகளை ஒவ்வொன்றாய் அழுத்தினேன். தட்டையானவை கீழே, கோப்பை வயிற்றின் வளைந்த துண்டுகள் மேலே. நீலப்பூ, பச்சைக்கரை, வெறும் வெள்ளை. ஒழுங்கு பார்க்கவில்லை, இடைவெளி மட்டும் பார்த்தேன். கைப்பிடியோடு நின்ற ஒரு துண்டை, அகப்பை கொழுவ உதவும் என்று ஓரத்தில் வைத்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துத்தான் வைத்தேன். அதுதான் என்னைப் பிடித்துக் கொடுத்தது.

சாந்து காய்ந்தபிறகு அக்கா வந்து சுவரைத் தடவினா. "நல்ல வழுவழுப்பாய் இருக்கு தம்பி, கெட்டிக்காரன்தான்" என்று சொல்லிக்கொண்டே போன விரல், அந்தக் கைப்பிடியில் நின்றது. இரண்டு தரம் தடவினா. பிறகு சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டா.

"இது கோப்பைக் காதெல்லே? பீங்கானோ?"

"ஓம் மச்சாள்."

"எலும்பெல்லே உது! மாட்டெலும்பைச் சுட்டு அரைச்செல்லோ உதைச் செய்யிறவங்கள்! பச்சைத் தண்ணியும் பித்தளை மூக்குப்பேணியிலை குடிக்கிற வீடு இது. என்ரை தங்கச்சி ஒரு நாளாவது பீங்கானிலை சாப்பிட்டவளோ? அடுப்பு மூலையிலை கொண்டுவந்து எலும்பை ஒட்டி வைச்சிருக்கிறியள்!"

"மச்சாள், எல்லாப் பீங்கானும் அப்பிடியில்லை. கனக்க மண்ணாலை செய்யிறதுதான்."

"மோர் விக்கிறவள் தன்ரை மோரைப் புளிக்குதெண்டு சொல்லுவாளோ தம்பி?"

நீரும் அப்படித்தானே. பீங்கான் வியாபாரியின் பெண்சாதி, வாழையிலையிலும் பித்தளையிலும் சாப்பிட்டுத்தான் போனீர். நீர் இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பீர்? இதை எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தேன். உம்முடைய குரலில் மறுமொழி வரவில்லை.

அக்கா டிரங்குப் பெட்டியைக் கட்டினா. கமலத்தின் சட்டைகளும் அதற்குள் போயின. விடியற்காலம் வண்டிக்குச் சொல்லியாயிற்று. கமலம் பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டாள். சுவரைச் சரிக்கட்டினால் பிள்ளை நிற்பாள் என்று தொடங்கினேன். சரிக்கட்டின சுவரே பிள்ளையைக் கொண்டுபோகிறது. உளியை எடுத்து எல்லாவற்றையும் கொத்திக் கொட்டுவோமா என்று நினைத்தேன். கொத்தினால் மறுபடி காரை, மறுபடி சோற்றில் கல். கொத்தவும் மனம் வரவில்லை, விடவும் மனம் வரவில்லை.

விடியற்காலம், நிலம் வெளிக்கமுன், வண்டி வருகிறதுக்கிடையில் பிள்ளைக்கு வயிற்றுக்கு ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டுமே என்று கஞ்சி வைக்கப் போனேன். அந்தச் சுவருக்கு முன் அடுப்பு எரியப்போவது அதுதான் முதல்தரம். எனக்கு அடுப்பு மூட்ட வருமா? பனையோலையை அளவில்லாமல் செருகி, முதலில் வீடெல்லாம் புகையாக்கி, பிறகு திடீரென்று பெரிதாய்ப் பற்றவைத்துவிட்டேன். ஓலை எரிகிற மணம் கேட்டு, வீட்டைக் கொளுத்திப்போடுவேன் என்ற பயத்தில் அக்கா ஓடிவந்தா. கமலம் பின்னால்.

வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டா. சீலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டா, வெளி ஆட்களைக் கண்டால் செய்கிறதுபோல.

"ஆர் தம்பி உவை? குசினிக்குள்ளை இவ்வளவு பேர் விளக்கோடை நிக்கினம்?"

திரும்பிப் பார்த்தேன். அடுப்பு மூட்டுகிற அமளியில் நான் சுவரைப் பார்க்கவே இல்லை, சிவக்கொழுந்து. ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஒரு சுடர்! வளைந்த துண்டுகளில் திரி ஏற்றினதுபோல நெட்டையாய், தட்டையானவற்றில் உருகின நெய்போலப் பரந்து. நீலப்பூவுக்கு மேல் ஒன்று, பச்சைக்கரையில் ஒன்று. அடுப்பில் எரிந்தது ஒரு நெருப்பு. சுவரில் நின்றது ஒரு திருவிழாச் சனம்.

"ஒருத்தரும் இல்லைப் பெரியம்மா. சுவர்" என்றாள் கமலம்.

"சுவரோ?"

"ஓம். உங்களுக்குத் தெரியுதே?"

"தெரியுது பிள்ளை. எனக்குத் தெரியுது."

அந்தச் சொல்லை அவ சொன்ன விதத்தை எழுத எனக்கு ஏலாது. மெதுவாய் வந்து அடுப்புக்கு முன் குந்தினா. கையை நெருப்புக்கு முன்னால் கொண்டுபோனா, பாதிச் சுடர்கள் அணைந்தன. கையை எடுத்தா, எல்லாம் திரும்பி வந்தன. பச்சைப்பிள்ளைபோல அதையே திருப்பித் திருப்பிச் செய்துகொண்டிருந்தா. கஞ்சி பொங்கி வழிந்து நெருப்பில் சீறினது. சத்தத்தை வைத்தே சமைக்கிற மனுசிக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை.

வெளியே வண்டிக்காரன் மணியை ஆட்டினான்.

அப்போது திரும்பாமலே கேட்டா: "உண்மையைச் சொல்லுங்கோ தம்பி. உதுக்குள்ளை எலும்பு இருக்கோ, இல்லையோ?"

இல்லை என்று ஒரு சொல்லுச் சொன்னால் வண்டி திரும்பிப் போகும். சொல் விற்றுத்தான் நான் கடை வைத்தவன். ஆனால் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று பொய் சொல்ல நாக்கு எழும்பவில்லை.

"தடிச்ச துண்டுகளிலை இல்லை மச்சாள். சீமையிலை இருந்து வாற மெல்லிசுக் கோப்பை சிலதிலை எலும்புச் சாம்பல் சேர்க்கிறவங்கள். எல்லாம் கலந்துதான் கிடந்தது. எதிலை இருக்கு, எதிலை இல்லை எண்டு எனக்குப் பிரிக்கத் தெரியாது."

அக்கா கையை மறுபடி நெருப்புக்கு முன்னால் கொண்டுபோய் எடுத்தா. பிறகு மெதுவாய்ச் சொன்னா:

"அப்ப எரிஞ்சு முடிஞ்ச சாம்பல்தானே. எரிஞ்சாப்பிறகு எல்லாம் நீறு. சுடலைச் சாம்பல் பூசினவரைத்தானே தம்பி நாங்கள் விடிய எழும்பிக் கும்பிடுறம். என்ரை தங்கச்சியையும் எரிச்சுத்தானே கீரிமலைக் கடலிலை விட்டனாங்கள். அவளை நான் தீட்டெண்டு தள்ளி வைப்பனோ?"

அடுப்புக் கரையில் கையை ஊன்றி எழும்பினா. "கமலம், ஓடிப்போய் வண்டிக்காரனைப் போகச் சொல்லு. தம்பி, தள்ளுங்கோ அங்காலை. கஞ்சியை அடிப்பிடிக்க விட்டிட்டியள்."

தள்ளினேன். தள்ளிப் போய் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிறு வயதிலிருந்து கோயிலுக்குப் போகிறவன்தான், தீபாராதனையின்போது கூட நேரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் நான். அன்று அந்தக் குசினியில் என்னை அறியாமல் கை கூப்பினேன். எதைக் கும்பிட்டேன்? நெருப்பையா, பீங்கானையா, கஞ்சியைத் துழாவிக்கொண்டிருந்த அந்த மனுசியையா? அல்லது உம்மையா?

கஞ்சி குடிக்கிறபோது அக்கா கேட்டா: "பிள்ளை, எத்தனை விளக்கெண்டு எண்ணிச் சொல்லு பாப்பம்."

"ஏலாது பெரியம்மா. நீங்கள் ஆடினால் அதுகளும் ஆடுது."

"உனக்குப் பொறுமை இல்லை. நான்தான் எண்ணவேணும்." என் பக்கம் முகத்தைத் திருப்பி, "தம்பி, கண் வெட்டுற டாக்குத்தர் இப்பவும் ஆசுப்பத்திரியிலை இருக்கிறாரோ?" என்றா.

உமக்குத் தெரியும், நீர் இருந்த காலத்தில் நீர் காலில் விழாக்குறையாய்க் கேட்டும் மாட்டேன் என்று நின்றவ. கத்தி கண்ணில் படக்கூடாது, கடவுள் மூடினதை மனுசன் திறக்கக்கூடாது என்று நியாயம் சொன்னவ. இப்போது தானாய்க் கேட்கிறா.

ஆகவே உமக்கு ஒரு சொல் தருகிறேன், சிவக்கொழுந்து. திவசம் முடிந்த கையோடு அக்காவை யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரிக்கு நானே கூட்டிப் போவேன். கடையைப் பூட்டிவிட்டுப் பக்கத்தில் இருப்பேன், கட்டு அவிழ்க்கிறபோது கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுப்பை மூட்டிவிட்டு, விலகி நிற்பேன். அவ இருந்து ஆறுதலாய் எண்ணட்டும்.

உம்முடைய மனுசன்,
கமலத்தின் அப்பு.