நம் மொச்சையின் சத்து

அன்பான யூலாலியா,

நீயும் மகள் நைராவும் கழுதையும் சுகம்தானே? இங்கே என் முதுகுவலி சௌக்கியம், நான்தான் சுமார்.

இந்தக் கடலோரப் பண்ணையில் மதியச் சாப்பாட்டின்போது, நம் மலை மொச்சைக்கு ஈடே கிடையாது என்று வழக்கம்போல் அளந்தேன். மண் பரிசோதிக்கும் இன்ஜினியரம்மா, நீ அனுப்பியதில் ஒரு பிடியும் இங்கே விளைந்ததில் ஒரு பிடியும் எடுத்துப்போய்ச் சோதித்து, இன்று சாப்பாட்டு வேளையில் முடிவைச் சொன்னார். நம்முடையதில் துத்தநாகச் சத்து பாதிதான்.

"சாணியையெல்லாம் என்னய்யா பண்றீங்க?"

"அடுப்புல எரிக்கிறோம்மா. மரமே இல்லாத ஊரு."

"அப்ப மண்ணு எதைத் தின்னும்? மொச்சைக்கு எதைக் குடுக்கும்? அதைத் தின்னுற புள்ள எப்படி வளரும்?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. நைரா வளரவில்லை என்று நர்ஸ் சத்துப்பொடி கொடுத்தபோது, "எங்க வம்சமே குள்ளம்தான், போம்மா" என்று திருப்பி அனுப்பியவன் நான்தானே.

அந்தப் பொடியைக் கேட்டு வாங்கிக் கொடு. பாதிச் சாணியையாவது வயலில் போடு. உன் புருஷன் மடையன் என்று நர்ஸிடம் சொல்லிவிடு. அவளுக்கு அது புதுச் செய்தி இல்லை.

நைராவைச் சுவரோரம் நிறுத்தி, அவள் உயரத்துக்கு ஒரு நூல் வெட்டி மாதாமாதம் அனுப்பு. என் கட்டிலுக்கு மேலே ஆணி அடித்துவிட்டேன்.

கடிதம் கொண்டுபோகும் லாரி கிளம்புகிறது.

ஃபெர்மின்