பழைய பஸ்ஸுக்கு இரும்புச் சட்டம்

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை இரவு.

தினமும் நாட்குறிப்பு எழுதப் பழகிய கைக்கு இன்று நல்ல சேதி. நான் வாங்கிய பழைய பஸ், குதிரைகளை ஏற்றும் திறந்த சக்கரப் பெட்டியை இழுத்துவிட்டது.

இத்தனை வருஷமும் அந்தியூர்ச் சந்தைக்குக் குதிரைகளோடு நான் நடந்தே போவேன். என் மனைவி வள்ளியம்மாள் வீட்டில் இருப்பாள். இந்த முறை அவளும் வர வேண்டும் என்றுதான் பஸ்ஸுக்குள் கட்டிலும் அடுப்பும் வைத்தேன். நேற்று, மாட்டு வண்டிக்குப் பின்னால் கன்றைக் கட்டுவது போல, குதிரைப் பெட்டியை பஸ்ஸின் பின்கட்டையில், அதாவது பம்பரில், பிணைக்கச் சொன்னேன் உக்கடத்து இரும்புப் பட்டறை ஆசாரியிடம். பஸ் இழுத்ததும் கட்டை பிய்ந்து வந்துவிட்டது.

இன்று ஆசாரி பஸ்ஸின் அடியில் முன்னிருந்து பின்வரை இரண்டு இரும்புச் சட்டங்களைப் பொருத்தி, அவற்றில் கொக்கியை மாட்டினார். எடை தாங்குமா என்று பார்க்க, குதிரைகளுக்குப் பதில் பெட்டியில் நெல் மூட்டைகளை ஏற்றினோம். வள்ளியம்மாளும் மூட்டைகள் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மணி, எறங்குங்க. எடைக்கு மூட்டையே போதுமுங்க," என்றார் ஆசாரி.

"குதிரைக்கு எப்பிடிக் குலுங்கும்னு மூட்டை சொல்லுமுங்களா?"

ஏரிக்கரை மேட்டில் பஸ் முனகாமல் ஏறியது. டிரைவர் சீட்டிலிருந்து பின்னால் எட்டிப் பார்த்தேன். சேலைத் தலைப்பு காற்றில் பறக்க, தேரில் வரும் அம்மன் போல அவள் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள்.

இப்போது பஸ் கட்டிலில் தூங்குகிறாள். வீட்டுக்குள் வர மறுத்துவிட்டாள். பஸ் வாசலில் அசையாமல்தான் நிற்கிறது. எனக்கோ இரு பக்கமும் அந்தியூர்ச் சாலைப் புளியமரங்கள் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கின்றன.