வெள்ளைத் திராட்சைக்கு ஒரு பெயர்

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
9 மார்ச் 2025

அன்பு மகன் ராஜ்கமலுக்கு அம்மா கமலவேணி எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன். மில் சத்தம் தின்ற காதுக்கு நீ போனில் பேசுவது எதுவும் விழுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று பெரிய மார்க்கெட்டில், பக்கத்துப் பூக்கடை அஞ்சலாட்சி தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அக்கா, உன் பையன் பாரு, எவ்ளோ ஷோக்கா நிக்கிறான்!" நாற்காலியில் ஒரு வெள்ளைக்கார அம்மாள். பக்கத்தில் நீ, கையில் ஒயின் பாட்டிலோடு சிரித்துக்கொண்டு.

பிரான்சில் ஓட்டலில் சமைக்கிறாய் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறேன்? உன் அப்பாவை எது கொண்டுபோனது என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? மில் மூடிய பிறகு அவர் சாராயக் கடையில்தான் கிடந்தார். பார்த்து வளர்ந்தவன் நீ. உண்மையை எழுது. முழுதாகப் படித்துவிட்டுத்தான் திட்டுவேன்.

படத்தில் உன் முகம் தெளிவாகத்தான் இருந்தது. வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா

*

பிரான்ஸ்
28 மார்ச் 2025

அன்புள்ள அம்மா,

ஓட்டல் மூடி இரண்டு வருஷமாகப் போகிறது. நீ பயப்படுவாய் என்று சொல்லவில்லை. திராட்சை பறிக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நீ படத்தில் பார்த்த மதாம் ஒதில் வீட்டுக்குப் போனேன். போய்ச் சேர்ந்த வாரமே நுரையீரலில் சளி கட்டி விழுந்துவிட்டேன். பறிப்பு முடிந்து மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். எழுபது வயதுக்காரர் மதாம், தனியாக இருப்பவர். என்னைத் தன் வீட்டு மாடி அறையில் படுக்கவைத்து, டாக்டரை வரவழைத்து, குளிர்காலம் முழுக்க சூப் வைத்துக் கொடுத்தார். "ஏன் இவ்வளவு செய்கிறீர்கள்?" என்று கேட்டதற்கு, "உனக்கு இருமல் இருக்கிறது, எனக்கு அறை இருக்கிறது" என்றார். அவ்வளவுதான்.

குணமான பிறகு அங்கேயே தங்கிவிட்டேன். அவரிடம் இருப்பது ஒரு சின்ன மலைச்சரிவு. அதில் வெள்ளைத் திராட்சை, பக்கத்து ஊர்க்காரர்களுக்கே பெயர் தெரியாத பழைய ரகம். காய்ப்பு குறைவு. தோல் மெல்லிசு, ஒரு மழை அடித்தால் வெடித்துவிடும். மற்றவர்கள் எல்லாம் பிடுங்கிவிட்டார்கள், மதாம் மட்டும் விடவில்லை.

போன செப்டம்பரில், பறிப்பு நேரம் பார்த்து, படியில் விழுந்து அவர் காலை உடைத்துக்கொண்டார். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. நான் ஊரில் வீடு வீடாகக் கதவைத் தட்டி ஆள் கூட்டி வந்தேன். மழைக்கு முன்னால் பறித்து முடித்துவிட்டோம். அன்றைக்கு, முந்தைய வருஷத்துப் பாட்டிலோடு எடுத்த படம்தான் நீ பார்த்தது.

ஒயினைப் பதம் பார்க்க வாயில் வைக்க வேண்டும், அம்மா. வைத்துக் கொப்பளித்துத் துப்பிவிடுவேன். ஒரு சொட்டும் உள்ளே போனதில்லை. உன்மேல் ஆணை.

ராஜு

*

நெல்லித்தோப்பு
20 ஏப்ரல் 2025

அன்பு மகனுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்தே படித்தேன். பூ வாங்க வந்தவர்கள் கத்தியிருக்கிறார்கள், நான் நிமிரவே இல்லையாம். அஞ்சலாட்சிதான் என் கடைக்கும் சேர்த்து முழம் போட்டிருக்கிறாள்.

நீ நோயில் கிடந்ததை மறைத்த கோபம் எனக்குத் தீராது. ஆனால் மதாமுக்கு என் கும்பிடு. நான் செய்ய வேண்டியதை முகம் தெரியாத அவர் செய்திருக்கிறார். வாயால் மட்டும் சொல்லாதே, அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்.

துப்பிவிடுகிறாய் என்று நம்பத்தான் ஆசை. உன் அப்பாவும் "வாயிலதான் வெச்சேன், வேணி" என்றுதான் ஆரம்பித்தார். இந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மா

*

பிரான்ஸ்
6 ஜூலை 2025

அன்புள்ள அம்மா,

கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். மதாம் உன் பெயரைக் கேட்டுக்கொண்டார். இன்னும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார்.

ஒயினைப் பாட்டிலில் அடைத்தாயிற்று. மொத்தமும் நம் வீட்டு உள்ளறைக்குள் அடங்கிவிடும், அவ்வளவுதான். அதன் வாசனையை உனக்கு எப்படிச் சொல்ல? ஈரத்துணியில் சுற்றிய மரிக்கொழுந்தைப் பிரித்ததும் வருமே, அதில் ஒரு துளி.

மதாம் ஒன்று கேட்கிறார். "நீ இல்லாவிட்டால் இந்த வருஷம் ஒயினே இல்லை. உன்னைப் பெற்றவளுக்கு எப்படி நன்றி சொல்வேன்? லேபிளில் அவள் பெயரைப் போடட்டுமா?" தினமும் சொல்லிப் பழகுகிறார், "கமலாவெனி" என்று வருகிறது. எனக்கும் ஆசைதான். ஆனால் நீ சரி என்றால் மட்டும். அச்சுக்குக் கொடுக்காமல் காத்திருக்கிறோம்.

ராஜு

*

நெல்லித்தோப்பு
17 ஆகஸ்ட் 2025

அன்பு ராஜுவுக்கு,

படித்ததும் முதலில் சிரித்துவிட்டேன். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

வேண்டாம்பா. "கமலவேணீ, கதவத் தொறடீ" என்று உன் அப்பா குடித்துவிட்டுத் தெரு முழுக்கக் கேட்கக் கத்திய பெயர் அது. அவர் போய்ப் பல வருஷம் கழித்துத்தான் அது என் பெயராயிற்று. இன்றைக்கு மார்க்கெட்டில் "கமலவேணி கடைப் பூ" என்று கேட்டு வருகிறார்கள். அதைத் திரும்ப ஒரு பாட்டிலில் ஒட்ட எனக்கு மனசு வரவில்லை. மதாமிடம் ஒன்றும் மறைக்காமல் இதைச் சொல். தனியாக வாழ்கிற பொம்பளை, அவருக்குப் புரியும்.

அவர் பெயரையே போடுங்கள். மற்றவர்கள் பிடுங்கிப்போட்ட கொடியையும், விட்டுவிட்டுப் போன என் பிள்ளையையும் தன்னோடு வைத்துக்கொண்டவர் அவர்தானே.

வெள்ளிக்கிழமை நானும் அஞ்சலாட்சியும் வீராம்பட்டினம் தேருக்குப் போனோம். மதாமின் கால் நன்றாக ஆகவேண்டும் என்று வெள்ளித் தகட்டில் கால் வாங்கி அம்மனுக்குச் செலுத்தினேன். யார் பெயருக்கு அர்ச்சனை என்றார் பூசாரி. "ஒதில்" என்றேன். அவர் மறுபடி என்னவோ கேட்டார், கூட்டத்தில் எனக்குக் காதில் விழவில்லை. அஞ்சலாட்சி என் காதருகே கத்தினாள்: "ராசி, நட்சத்திரம் கேக்கறாருக்கா!"

வெள்ளைக்கார அம்மாளின் நட்சத்திரத்துக்கு நான் எங்கே போவேன்? "என்னுதையே சொல்லுங்க சாமி. ரிஷபம், ரோகிணி" என்றேன். அதைச் சொல்லித்தான் அர்ச்சனை நடந்தது.

இந்தக் கடிதத்தோடு குங்குமம் மடித்து வைத்திருக்கிறேன். அவர் நெற்றியில் நீயே வைத்துவிடு. பெயரைத்தான் தர முடியவில்லை, என் நட்சத்திரத்தை அவர் வைத்துக்கொள்ளட்டும்.

உன் அம்மா
கமலவேணி