ஆறு தரைவீடுகளுக்கு இடம் வேண்டி

அனுப்புநர்:
திருமதி சிவமலர் ஞானேஸ்வரன்,
நான்காம் மாடி, ஹேசல்டீன் கோர்ட்,
கிழக்கு லண்டன்.

பெறுநர்:
வீடமைப்புத் திட்டமிடல் அதிகாரி அவர்கள்,
கவுன்சில் அலுவலகம்,
கிழக்கு லண்டன்.

பொருள்: எமது வட்டாரத்தில் புதிய வீடுகளுக்கான உச்சவரம்பு நிறைந்துவிட்டதெனக் கூறி, பழைய கராஜ் காணியில் கட்டவிருந்த ஆறு தரைவீடுகளை நிறுத்தியமை தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. தாய்மொழியிலும் எழுதலாம் என்று உங்கள் அலுவலகம் அறிவித்திருப்பதால் இதைத் தமிழில் எழுதுகிறேன். எனக்கு ஆங்கிலம் பேச வரும். ஆனால் ஆங்கிலத்தில் எழுதினால் என் கோபம் மட்டும் தெரியும், காரணம் தெரியாது.

2. என் கணவர் ஞானேஸ்வரன் இல்ஃபோர்ட் பக்கம் பஸ் ஓட்டியவர். மூன்று வருடங்களுக்கு முன் வந்த பாரிசவாதத்தால் அவருடைய வலப்பக்கம் செயலிழந்தது. பேச்சு திரும்பிவிட்டது, நடை திரும்பவில்லை. அவரை நான்காம் மாடியிலிருந்து இறக்க லிஃப்ட் ஒன்றுதான் வழி. அதுவும் அடிக்கடி பழுதாகும். நான் முதியோர் இல்லமொன்றில் ஷிப்ட் வேலை செய்கிறேன். தொலைபேசி அதிர்ந்தாலே கையிலுள்ள வேலையை விட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன்.

3. எமது கட்டடத்தின் பின்னாலுள்ள கராஜ் காணியில், படியேற முடியாதவர்களுக்காக ஆறு தரைவீடுகள் கட்டப்போவதாகச் சென்ற வருடம் அறிவித்தீர்கள். அதில் ஒன்று எமக்கென்றும் உறுதி தந்தீர்கள். சக்கர நாற்காலிக்கான சாய்வுப்பாதை எந்தப் பக்கம் வரும் என்று கணவர் ஜன்னலருகே இருந்து யோசித்துக்கொண்டிருப்பார். கார்த்திகையில் வேலை நின்றது. காரணம் கேட்க நேரில் வந்தேன். உங்கள் வீடமைப்புப் பிரிவில் பணிபுரியும் செல்வி பெனிற்றா மரியாதையாகவே பேசினார். “அன்ரி, வட்டாரத்துக்குக் குடுத்த எண்ணிக்கை முடிஞ்சுது. இனி ஒரு வீடெண்டாலும் கூட்ட ஏலாது” என்றார். அந்த எண்ணிக்கையை முடித்தவை ஸ்டேஷனருகே எழுந்த இரண்டு கோபுரங்களும், அவற்றோடு சேர்த்து அனுமதி பெற்ற மூன்றாவது கோபுரமும். மூன்றாவதற்கு இன்னும் அத்திவாரம்கூட வெட்டவில்லை. அங்கே வேலி மட்டும் நிற்கிறது.

4. உச்சவரம்பே கூடாதென்று நான் வாதாடவில்லை. குடியிருப்பாளர் கூட்டத்தில் மூன்றாம் மாடியிலிருக்கும் சண்முகராசா அண்ணை எழுந்து, “டொக்டரைப் பார்க்க மூண்டு கிழமை காத்திருக்க வேணும். காலமை ரெயினில கால் வைக்க ஏலாது. இனி இஞ்சை ஒரு வீடும் வேண்டாம்” என்றபோது பலரும் கைதட்டினார்கள். அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் அவர் ஆறு தரைவீடுகளுக்கு எதிராகவும் ஆட்சேபம் கொடுத்திருந்தார். அதன்பின் படியில் கண்டாலும் நாங்கள் முகம் பார்ப்பதில்லை.

5. தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், இரண்டாம் மாடியில் ஒரு சமையலறை தீப்பிடித்தது. அபாய மணி அடித்தது. லிஃப்ட் தானாகவே நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கி ஓடினார்கள். நான் கணவரைப் படுக்கை விரிப்பில் கிடத்திப் படிவரை இழுத்தேன். அதற்குமேல் என் பலம் போதவில்லை. புகை மேலே வரத் தொடங்கியது. நான் கத்தினேனா என்பதுகூட நினைவில்லை. எல்லோரும் இறங்கிய படிகளில் ஒருவர் மட்டும் ஏறி வந்தார். அவர் சண்முகராசா அண்ணை. “தங்கச்சி, காலைப் பிடியும்” என்று சொல்லிவிட்டுக் கணவரை முதுகில் ஏற்றினார். இரண்டாம் மாடியைக் கண்ணை மூடிக்கொண்டே கடந்தோம். முற்றத்தில் இருமி முடித்தபின் அவர் கணவரிடம், “நான் வேண்டாமெண்டது கோபுரத்தை, ஐசே. உம்மையில்லை” என்றார்.

6. உச்சவரம்பு வேண்டும் என்பதில் அவர் இன்றும் உறுதியாகவே இருக்கிறார். ஆயினும் தம் ஆட்சேபத்தை மீளப்பெற்றுக்கொண்டு, இம்மனுவில் எனக்கு அடுத்ததாகக் கையொப்பமிட்டுள்ளார். கீழ்வரும் யோசனையும் அவருடையதே. எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம். கட்டாமல் கிடக்கும் மூன்றாவது கோபுரத்துக்கு ஒதுக்கியதிலிருந்து ஆறு வீடுகளைக் கழித்து, கராஜ் காணிக்கு மாற்றித் தாருங்கள். வட்டாரத்தில் ஒரு வீடுகூட அதிகமாகாது.

7. லிஃப்ட் இப்போது ஓடுகிறது. ஆனால் மணி அடித்தால் அது நிற்கத்தான் செய்யும். போன கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் கணவர், “இனி மணி அடிச்சா நீர் இறங்கிப் போம். எனக்காக நிக்காதையும்” என்றார். நான் கோப்பையைக் கழுவ எழுந்து போய்விட்டேன். அவர் மறுபடியும் கேட்பார். அதற்கு முன்பாக உங்கள் முடிவு என் கைக்கு வந்துவிட வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: லண்டன்
திகதி: 17.02.2025

உங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்) சிவமலர் ஞானேஸ்வரன்
(ஒப்பம்) க. சண்முகராசா, மூன்றாம் மாடி